பழனி பாதயாத்திரை: முதன்முறை செல்லும் நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

தைப்பூசத்தையொட்டிப் பழனி முருகன் கோயிலுக்கு நடந்து செல்லும் பக்தர்களுள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா போன்ற நீண்டகால நோய்கள் உள்ளவர்களும் உள்ளனர். நோய் கட்டுப்பாட்டில் இருந்து, போதிய முன்னேற்பாடும் இருந்தால் இவர்களில் பலர் பாதுகாப்பாக நடக்க இயலும். முன்னேற்பாடின்றிச் செல்லும்போது காலில் ஏற்படும் ஒரு சிறு கொப்புளம்கூட நெடுநாள் சிகிச்சை தேவைப்படும் புண்ணாக மாறக்கூடும். நீங்கள் அல்லது உங்கள் குடும்பத்தில் ஒருவர் முதன்முறையாக இப்பயணத்தை மேற்கொள்ள எண்ணினால், இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் உதவும்.

பயணம் எத்தகையது?

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மதுரையில் இருந்து ஏறத்தாழ இரு மடங்கு. காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் இருந்து நத்தம் வழியாக வருவோர் பல நாட்கள் தொடர்ந்து நடக்கின்றனர். பெரும்பாலான குழுக்கள் விடியலுக்கு முன்னர்ப் புறப்பட்டு, வெயில் ஏறியதும் தங்கி, மாலையில் மீண்டும் நடக்கும். பாதையின் பெரும்பகுதி தார்ச்சாலை. இறுதியில் மலைக்கோயிலுக்கு ஏறத்தாழ 690 படிகள் ஏற வேண்டும்.

தை மாதத்தில் அதிகாலை குளிராகவும் நண்பகல் வெப்பமாகவும் இருக்கும். பங்குனி உத்திரத்திற்கு நடப்பவர்கள் இதைவிடக் கடுமையான வெயிலை எதிர்கொள்வார்கள். ஒரு நாள் நெடுந்தூரம் நடப்பதைவிட, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே கால்களால் நடப்பதே கடினம். உடலை அதற்கே பழக்க வேண்டும்.

மருத்துவரை எப்போது சந்திக்க வேண்டும்?

பயணத்திற்கு 10 முதல் 12 வாரங்களுக்கு முன்னர், பயிற்சியைத் தொடங்கும் முன்பே சந்தியுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

• இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கடந்த 3 மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு
• இதய மின்வரைபடம். நெஞ்சுவலி, படியேறும்போது மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை எப்போதாவது ஏற்பட்டிருந்தால் அவசியம் கூறுங்கள்.
• பாதப் பரிசோதனை. மெல்லிய நைலான் இழையாலும் இசைக்கவையாலும் உணர்ச்சி சோதிக்கப்படும். பாதத்தின் நாடித்துடிப்பும் பார்க்கப்படும்.
• கடந்த 10 ஆண்டுகளில் தடுப்பூசி போடாதவர்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி

"நடக்கலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாட்கள், விரதம் உண்டா, வெறுங்காலா, காலணியா என்பதையும் சொல்லுங்கள். இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் மருத்துவர் மாத்திரை அளவைச் சரியாக மாற்றித் தர இயலும்.

யார் இந்த ஆண்டு நடக்கக் கூடாது?

கீழ்க்கண்ட நிலைகளில் உள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

• அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை அல்லது ஸ்டென்ட் சிகிச்சை பெற்று, மருத்துவரின் அனுமதி இன்னும் கிடைக்காதவர்கள்
• ஓய்வு நிலையிலோ சிறிது நடந்தாலோ நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல் உள்ளவர்கள்
• இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்
• பாதத்தில் ஆறாத புண், சீழ், கருமை நிறம் உள்ளவர்கள்
• இரத்தச் சர்க்கரை தொடர்ந்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருப்பவர்கள்
• காய்ச்சல் உள்ளவர்கள்

கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அண்மையில் வலிப்பு ஏற்பட்டவர்கள் ஆகியோர் சிறப்பு மருத்துவரின் முடிவுப்படி மட்டுமே நடந்துகொள்ள வேண்டும்.

வேண்டுதலும் வெறுங்காலும்

பலர் காலணி இன்றி நடப்பதாக வேண்டிக்கொள்கின்றனர். பாத உணர்ச்சி இயல்பாக உள்ளவருக்கு முள் குத்தினால் வலிக்கும். அவர் உடனே நின்று முள்ளை எடுப்பார். நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வலி தெரியாது. கண்ணாடித் துண்டு உள்ளே இருந்தாலும் அவர் தொடர்ந்து நடப்பார். நண்பகல் தார்ச்சாலையின் சூட்டில் தோல் வெந்தாலும் உணர மாட்டார். அன்று இரவு துணியில் இரத்தக்கறை தெரிந்த பின்னரே பிறர் கவனிப்பார்கள். கிருமித்தொற்று எலும்பு வரை சென்றால், விரலையோ பாதத்தையோ அகற்ற வேண்டிய நிலை வரலாம்.

ஆகவே, பாத உணர்ச்சி குறைந்தவர்கள், பாதத்தில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், முன்பு பாதப்புண் வந்தவர்கள் ஆகியோர் எந்த நிலையிலும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. நெடுந்தூரம் நடப்பதே தகுமா என்பதையும் இவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். "எனக்குக் கால் வலியே இல்லை" என்று கூறுவது நலத்தின் அடையாளமாக இல்லாமல் நரம்புப் பாதிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதைக் குடும்பத்தில் பேசுவது எளிதன்று. நேர்த்திக்கடனைக் கைவிடுமாறு பெரியவரிடம் கூறினால் அவர் மனம் நோகலாம், அல்லது எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிடலாம். அதற்கு மாறாக, அதை நிறைவேற்றும் வழிகளை அவருடன் சேர்ந்து ஆராயுங்கள். காலணி அணிந்து நடந்து, கோயில் வளாகத்தில் சுத்தமான பருத்திக் காலுறையுடன் செல்லலாம். முழுத் தூரத்திற்குப் பதிலாக ஆயக்குடி போன்ற பழனிக்கு அருகில் உள்ள ஊரில் இருந்து நடக்கலாம். மலையடிவாரத்தில் கிரிவலப் பாதையை மட்டும் சுற்றி வரலாம். குடும்பத்தில் உடல்நலமுள்ள ஒருவர் அவர் பொருட்டு நடந்து செல்லலாம். எந்த வழி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

பயிற்சி அட்டவணை

ஐப்பசி இறுதிக்குள் தொடங்கினால் தைப்பூசத்திற்குப் போதிய காலம் கிடைக்கும்.

• 1, 2ஆம் வாரங்கள்: வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 30 நிமிடம். பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும்.
• 3, 4ஆம் வாரங்கள்: 45 நிமிடம். வாரத்தில் ஒரு நாள் 6 முதல் 8 கிலோமீட்டர்.
• 5, 6ஆம் வாரங்கள்: வாரத்தில் ஒரு நாள் 10 முதல் 12 கிலோமீட்டர், பயணத்தில் சுமக்கவிருக்கும் பையுடன்.
• 7, 8ஆம் வாரங்கள்: சனி, ஞாயிறு இரு நாட்களும் அடுத்தடுத்து 10 முதல் 15 கிலோமீட்டர். ஒரு நாளாவது அதிகாலை இருட்டில் புறப்படுங்கள்.
• 9ஆம் வாரம்: ஒரு நாள் 18 முதல் 20 கிலோமீட்டர், மறுநாள் 10 கிலோமீட்டர். மாடிப்படி ஏறி இறங்கும் பயிற்சியும் செய்யுங்கள்.
• 10ஆம் வாரம்: நாளொன்றுக்கு 30 நிமிடம் மட்டும். உடல் ஓய்வு பெறட்டும்.

ஒரு வாரத்தின் தூரத்தை முடிக்க இயலவில்லை என்றால், அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். 9ஆம் வாரப் பயிற்சியை முடிக்க இயலாதவர்கள் முழுத் தூரத்தை நடக்கத் திட்டமிட வேண்டாம். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் நடப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

காலணியும் பாதப் பராமரிப்பும்

புதுக் காலணியுடன் புறப்படாதீர்கள். பயிற்சியின் தொடக்கத்திலேயே வாங்கி, அதிலேயே நடந்து பழகுங்கள். நடக்க நடக்கப் பாதம் சற்று வீங்கும் என்பதால் மாலை வேளையில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் மென்மையான எம்.சி.ஆர். அடித்தளமும் பின்பட்டையும் உள்ள காலணியையோ, நன்கு பொருந்தும் நடைக்காலணியையோ அணியலாம். விரலிடைப் பட்டை உள்ள ரப்பர் செருப்பு நெடுந்தூர நடைக்கு ஏற்றதன்று.

• இரண்டு அல்லது மூன்று இணை பருத்திக் காலுறைகளை வைத்துக்கொண்டு, ஈரமானவுடன் மாற்றுங்கள்.
• ஒவ்வொரு முறை அணியும் முன்னரும் காலணிக்குள் கையை விட்டுக் கல், முள் உள்ளதா எனப் பாருங்கள்.
• உராயும் இடங்களிலும் தொடையிடுக்கிலும் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் தடவாமல், அப்பகுதியை உலர்வாக வைத்திருங்கள்.
• நகங்களைப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னரே நேராக வெட்டிவிடுங்கள்.
• தங்குமிடத்தில் பாதத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவர்கள் கண்ணாடியின் உதவியால் பார்க்கலாம், அல்லது உடன் வருபவர் பார்க்கலாம்.
• உணர்ச்சி குறைந்த பாதத்தைச் சூடான நீரில் வைக்காதீர்கள். வெப்பம் தெரியாமல் தோல் வெந்துவிடும்.

கொப்புளம் வந்தால் அதை உடைக்காதீர்கள். சுத்தமான துணிக்கட்டால் மூடி, உராய்வைக் குறையுங்கள். தானாக உடைந்தால் சுத்தமான நீரால் கழுவி, கிருமிநாசினிக் களிம்பிட்டுக் கட்டுங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் கொப்புளம் உடைந்தால் அன்றே மருத்துவ முகாமில் காட்ட வேண்டும். சிவப்பு பரவுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் நடைப்பயணம் அங்கேயே முடிந்தது எனக் கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள்

நீண்ட நடை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். இன்சுலின் போடுவோருக்கும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரை உட்கொள்வோருக்கும் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். இது நடக்கும்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் நிகழலாம். மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

• காலையில் புறப்படும் முன்னரும், தங்குமிடத்திலும், உறங்கும் முன்னரும் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள்.
• மேற்கூறிய மருந்துகளைப் பயன்படுத்துபவர்கள், அளவு 100க்குக் கீழ் இருந்தால் சிற்றுண்டி உண்ட பின்னரே நடக்க வேண்டும்.
• அளவு 250க்கு மேல் இருந்து, வாந்தி, வயிற்றுவலி அல்லது மிகுந்த சோர்வும் இருந்தால் நடக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.
• நடப்பதற்குச் சற்று முன்னர்த் தொடையில் இன்சுலின் போட வேண்டாம். மருந்து விரைவாக உறிஞ்சப்படும்.
• இன்சுலினை வெயிலிலோ, வெயிலில் நிற்கும் வாகனத்திலோ வைக்காதீர்கள். மூடிய டப்பாவில் இட்டு, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்திருங்கள். பனிக்கட்டியுடன் நேரடியாகச் சேரக் கூடாது.
• டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோர் விரதத்துடன் நெடுந்தூரம் நடந்தால் நீரிழப்பும் இரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏற்படலாம். மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.

கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, குழப்பம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். உடனே அமர்ந்து, 3 தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை நீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். சரியானதும் ஏதேனும் உண்ணுங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் உட்கொள்வோருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன் தராது. அவர்களுக்குக் குளுக்கோஸே தேவை. மெட்டோபுரோலால், அடினலால் போன்ற மாத்திரை உட்கொள்வோருக்குப் படபடப்பு தெரியாமல் வியர்வை மட்டுமே தெரியலாம்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

இரத்த அழுத்தம், இதயம், மூச்சு

வழக்கமான மாத்திரைகளை விரத நாட்களிலும் விடாமல் உட்கொள்ளுங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு வெயிலில் நீரிழப்பும் தலைச்சுற்றலும் ஏற்படலாம் என்பதால் அளவைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சுமை வண்டியில் அனுப்பாமல் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். புழுதியும் அதிகாலைக் குளிரும் மூச்சிறுக்கத்தைத் தூண்டும். முகக்கவசமோ துண்டோ உதவும்.

கால்வலிக்கு வழியில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாத்திரைகளை உட்கொள்ளாதீர்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்கும் சிறுநீரக நோய் உள்ளோருக்கும் இவ்வாபத்து மிகுதி. வலி தாங்க இயலாவிட்டால் மருத்துவர் கூறிய அளவில் பாராசிட்டமால் போதும்.

உணவும் நீரும்

வழியெங்கும் அன்னதானமும் பானகமும் நீர்மோரும் கிடைக்கும். சர்க்கரைப் பொங்கல், பானகம், பஞ்சாமிர்தம் ஆகியவை நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிரசாத அளவில் போதுமானவை. பொங்கல், சாம்பார் சாதம் போன்றவற்றை ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாமல், சிறிது சிறிதாகப் பிரித்து உண்ணுங்கள். சுண்டல், வேர்க்கடலை, முளைகட்டிய பயறு ஆகியவை நல்ல துணை உணவுகள். ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதத்தை மேற்கொள்வோர், மருந்துடன் அது பொருந்துமா என்று முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

தாகம் எடுக்கும்போதெல்லாம் நீர் அருந்துங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நீர் போதுமானது. மிகுந்த வியர்வைக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் ஏற்றது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுமையாக 1 லிட்டர் பாதுகாப்பான நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். தாகம் இல்லாமலே லிட்டர் கணக்கில் வெறும் நீரைக் குடிப்பதும் தீங்கு தரும். சிறுநீரக, இதய நோயாளிகள் தமக்கு வரையறுக்கப்பட்ட நீரின் அளவை மருத்துவரிடம் மீண்டும் கேட்டறிய வேண்டும்.

சாலைப் பாதுகாப்பு

இருட்டில் நடக்கும்போது எதிரே வரும் வாகனங்கள் தெரியுமாறு சாலையின் வலப்புற ஓரத்தில், ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பையின் முன்னும் பின்னும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள். காவி, பச்சை, கறுப்பு நிற உடைகள் இருளில் தெரியா. வெண்ணிறத் துண்டை மேலே போர்த்திக்கொள்ளலாம். செவிப்பேசி அணிந்து நடக்காதீர்கள். சாலையோரத்தில் படுத்து உறங்காதீர்கள். சாலை விபத்து நேர்ந்தால், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கிடைக்கும்.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமலும் கீறாமலும், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழையுங்கள்.

உடன் செல்லும் பராமரிப்பாளருக்கு

• நோயாளியின் பெயர், நோய்கள், மருந்துகளும் அளவுகளும், ஒவ்வாமை, தொடர்பு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அவர் சட்டைப்பையில் ஒன்றும் உங்களிடம் ஒன்றும் வையுங்கள். காப்பீட்டுத் திட்ட அட்டையின் நகலையும் சேருங்கள்.
• பயண நாட்களைவிட மூன்று நாட்களுக்குக் கூடுதலாக மருந்து எடுத்துச் செல்லுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மருந்து பெறுவோர், சுகாதாரத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• குழுத் தலைவரிடம் நோயைப் பற்றிக் கூறுங்கள். நோயை மறைத்தால் அவசர வேளையில் சிகிச்சை தாமதமாகும்.
• ஒவ்வொரு நாள் மாலையும் பாதம், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.
• வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளை அறிந்துவையுங்கள். இப்பாதையில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி ஆகிய ஊர்களில் அவை உள்ளன.
• "இங்கிருந்து வண்டியில் செல்லலாம்" என்று கூறும் பொறுப்பு உங்களுடையது. எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்னரே இருவரும் பேசி உடன்பட்டால், வழியில் வாதம் எழாது.

மலையேற்றமும் திரும்பிய பின்னரும்

வந்து சேர்ந்தவுடன் படியேறாமல், ஓய்வெடுத்து, உண்டு, மருந்து உட்கொண்ட பின்னர் ஏறுங்கள். முழங்கால் வலி, இதய நோய் உள்ளவர்கள் யானைப் பாதை வழியாக மெதுவாக ஏறலாம், அல்லது இழுவை ரயிலையோ ரோப் காரையோ பயன்படுத்தலாம். விழாக் காலங்களில் அவற்றில் நெடுநேரம் காத்திருக்க நேரும். அமர இடமும் நீரும் சிற்றுண்டியும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பின் ஒரு வாரம் நாள்தோறும் பாதத்தைப் பாருங்கள். மாற்றப்பட்ட மருந்தளவைப் பழைய நிலைக்கு எப்போது கொண்டுவருவது என்று மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உடனடியாக 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, அது கை, தாடை, முதுகுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை
• முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் பலவீனம், பேச்சுக் குளறல்
• வெயிலில் நடந்தவர் குழப்பமாகப் பேசுதல், உடல் மிகச் சூடாதல், மயங்குதல். ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலில் நீர் ஊற்றி விசிறுங்கள்.
• இன்ஹேலர் பயன்படுத்தியும் குறையாத மூச்சுத்திணறல்
• வலிப்பு அல்லது நினைவிழத்தல்

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்களைப் பரிசோதித்த மருத்துவருடன் கலந்து எடுங்கள்.